கட்டுரை ஏற்கப்பட்டுவிட்டது, திறந்த அணுக்கத்துக்குப் பணம் கட்டித்தான் ஆக வேண்டுமா?

தேன்சிட்டு:
எல்லோருக்கும் வணக்கம். நான் மூன்றாம் ஆண்டு ஆய்வு மாணவி. இரவுப் பணி பார்க்கும் செவிலியர்களின் தூக்கம் பற்றிய என் முதல் கட்டுரையை ஒரு இதழ் நேற்று ஏற்றுக்கொண்டது. பதினான்கு மாதக் காத்திருப்பு. இன்று காலை பதிப்பகத்திடமிருந்து இன்னொரு மின்னஞ்சல் வந்தது. இணைப்பைத் திறந்தால் இரண்டே இரண்டு வட்டங்கள், ஏதாவது ஒன்றில் புள்ளி வைத்தால்தான் அடுத்த பக்கம் வரும். ஒன்று 'ஓப்பன் ஆக்சஸ்', அதாவது யாரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிடும் திறந்த அணுக்கம், அதற்கு அவர்கள் கேட்கும் தொகை என் ஓராண்டு உதவித்தொகையில் பெரும்பகுதி. இன்னொன்று 'சந்தா வழி', அதற்குக் கட்டணம் கிடையாது, ஆனால் காப்புரிமையை அவர்களுக்கு மாற்றிக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும்.

எனக்கு நேர்காணல் கொடுத்த செவிலியர்கள் "வந்ததும் எங்களுக்கும் படிக்கக் கொடுங்கள்" என்று கேட்டிருந்தார்கள், நானும் சரி என்று சொல்லிவிட்டேன். சந்தா வழியில் போனால் அவர்கள் யாராலும் படிக்க முடியாது. பணம் கட்டவும் வழியில்லை. ஏழு நாளுக்குள் பதில் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். என்ன செய்வது?

நூலக_மேசை:
முதலில் வாழ்த்துகள். இன்றைக்கு எந்த வட்டத்திலும் புள்ளி வைக்காதீர்கள்.

அந்தப் பக்கத்தைப் பார்த்தால் திறந்த அணுக்கம் என்றாலே பணம் கட்டுவது என்றுதான் யாருக்கும் தோன்றும். நான் நூலகத்தில் ஆய்வாளர்களுக்கு உதவும் மேசையில் இருக்கிறேன், வாரத்துக்கு ஒருவராவது இதே பயத்தோடு வருகிறார். புடாபெஸ்டில் 2001 டிசம்பரில் கூடிப் பேசி 2002 பிப்ரவரி 14 அன்று வெளியிட்ட அறிக்கைதான் 'ஓப்பன் ஆக்சஸ்' என்ற பெயரைப் பரவலாக்கியது. அதிலேயே இரண்டு வழிகள் சொல்லியிருக்கிறார்கள். ஒன்று, திறந்த இதழ்களில் வெளியிடுவது. இன்னொன்று, எந்த இதழில் வெளியிட்டாலும் கட்டுரை ஆசிரியரே தன் பிரதியை ஒரு திறந்த களஞ்சியத்தில், அதாவது கட்டுரைகளைச் சேமித்து யாரும் படிக்க வைக்கும் இணையத் தளத்தில், வைப்பது. இந்த இரண்டாவதைத்தான் 'பச்சை வழி' என்கிறோம். இதற்குக் கட்டணம் இல்லை. உங்கள் மின்னஞ்சலில் இந்த வழி இல்லாததற்குக் காரணம், அதில் பதிப்பகத்துக்கு வருமானம் இல்லை, அவ்வளவுதான்.

அதாவது சந்தா வழியில் புள்ளி வைத்த பிறகும் உங்கள் கட்டுரையைச் சட்டப்படி திறந்து வைக்கப் பெரும்பாலும் வழி இருக்கும். எந்தப் பிரதியை, எங்கே, எத்தனை மாதம் கழித்து என்பதுதான் கேள்வி. அதற்கு மூன்று விவரம் சொல்லுங்கள்: ஆய்வுக்கு நிதி கொடுத்தது யார், உங்கள் நிறுவனத்துக்கு அந்தப் பதிப்பகத்தோடு ஏதாவது ஒப்பந்தம் இருக்கிறதா, கட்டுரையின் தொடர்பு ஆசிரியர் (இதழோடு கடிதப் போக்குவரத்து நடத்துபவர்) நீங்களா உங்கள் வழிகாட்டியா. அப்புறம் ஷெர்பா ரோமியோ தளத்துக்குப் போய் இதழின் பெயரைத் தேடுங்கள். இப்போது அதன் பெயர் ஓப்பன் பாலிசி ஃபைண்டர். ஒவ்வொரு இதழும் எந்தப் பிரதியை எங்கே வைக்க அனுமதிக்கிறது என்பது அங்கே இருக்கும்.

மறுவாசிப்பு:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு இந்தத் திறந்த அணுக்கம் என்ற சொல்லைக் கேட்டாலே நெஞ்சு எரிகிறது. நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு இதழிலிருந்து "உங்கள் மேலான ஆய்வைக் கண்டு வியந்தோம்" என்று அழைப்பு வந்தது. பெயர் கம்பீரமாக இருந்தது, அனுப்பினேன். ஆறே நாளில் ஏற்பு. மதிப்பாய்வு என்று வந்தது இரண்டு வரி, அதில் ஒரு வரி 'மொழியைச் சரிபார்க்கவும்'. சந்தேகப்பட்டு, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதினேன். அதற்கும் தனிக் கட்டணம் கேட்டார்கள். கட்டாததால் கட்டுரையைத் தங்கள் தளத்தில் ஏற்றிவிட்டார்கள், இன்று வரை எடுக்கவில்லை. ஒழுங்கான இதழ் எதற்கும் இனி அதை அனுப்ப முடியாது. இரண்டு வருட உழைப்பு. பணம் வாங்கிக்கொண்டு அச்சிடும் இந்த முறையில் தரம் எப்படி இருக்கும்?

நூலக_மேசை:
மறுவாசிப்பு, உங்களுக்கு நடந்தது அநியாயம். இதற்கு மேசையில் நாங்கள் சொல்லும் பெயர் 'வேட்டை இதழ்'. அவர்கள் திறந்த அணுக்கத்தின் பெயரைப் போர்த்திக்கொண்டு ஆய்வாளரின் அவசரத்தைக் காசாக்குகிறார்கள். இது உண்மையான பிரச்சினை, மறைக்க வேண்டியதில்லை. 2013-இல் 'சயன்ஸ்' இதழுக்காக ஜான் பொஹானன் என்ற பத்திரிகையாளர், வேண்டுமென்றே பிழைகள் வைத்த ஒரு போலிக் கட்டுரையை 304 திறந்த அணுக்க இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன.

ஆனால் அந்தச் சோதனையில் அவர் சந்தா இதழ்களுக்கு அனுப்பிப் பார்க்கவே இல்லை, அதனால் சந்தா இதழ்கள் மேல் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஏற்றுக்கொண்டவற்றில் பெயர்பெற்ற பெரிய பதிப்பகங்களின் இதழ்களும் இருந்தன. இன்னொன்று, அது நடந்த பிறகு திறந்த அணுக்க இதழ்களின் கோப்பகமான டிஓஏஜே தன் நிபந்தனைகளை இறுக்கி, எல்லா இதழ்களையும் மறுபடி விண்ணப்பிக்கச் சொன்னது. செய்யாதவை, சுமார் 3,300 இதழ்கள், 2016 மே மாதம் ஒரே அடியாக நீக்கப்பட்டன.

நான் ஒரு இதழைப் பார்க்கும்போது முதலில் டிஓஏஜே-யில் இருக்கிறதா என்று தேடுவேன். அடுத்து ஆசிரியர் குழுவில் இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் தங்கள் சொந்தப் பக்கத்தில் இந்த இதழைக் குறிப்பிட்டிருக்கிறார்களா என்று பார்ப்பேன். பல வேட்டை இதழ்கள் ஆள் அறியாமலேயே பெயரைப் போட்டுவிடுகின்றன. கடைசியாக, இணைய முகவரியை எழுத்துக்கு எழுத்து சரிபார்ப்பேன், ஏனென்றால் நல்ல இதழின் தளத்தை அப்படியே நகலெடுத்துப் பணம் பறிக்கிறவர்களும் இருக்கிறார்கள். மொத்தம் பத்து நிமிடம் ஆகும். இதை ஆய்வு தொடங்கும்போதே மாணவர்களுக்குச் சொல்லாதது எங்கள் நூலகத் துறையின் குறை என்றே நினைக்கிறேன்.

வெண்பலகை:
இயற்பியல்காரனின் இரண்டு வரி. எங்கள் துறையில் 1991 ஆகஸ்டிலிருந்து ஆர்க்கைவ் என்ற திறந்த களஞ்சியம் இருக்கிறது, பால் கின்ஸ்பார்க் தொடங்கியது. இதழுக்கு அனுப்பும் அன்றே அங்கே ஏற்றிவிடுவோம், யாரும் யாருக்கும் காசு கட்டுவதில்லை, நல்ல இதழ்களும் அதனால் மூடிப்போகவில்லை. மற்ற துறைகளில் இன்னும் ஏன் இவ்வளவு தயக்கம் என்று எனக்குப் புரிவதில்லை.

தேன்சிட்டு:
வெண்பலகை, எங்கள் துறையில் ப்ரீபிரின்ட், அதாவது மதிப்பாய்வுக்கு முந்தைய பிரதியை, பொதுவில் போட்டால் வேறு யாராவது கருத்தை எடுத்துக்கொள்வார்கள் என்று வழிகாட்டி பயப்படுகிறார், அதனால் போடவில்லை.

நூலக_மேசை, கேட்டதற்குப் பதில்: நிதி என் நிறுவனத்தின் உதவித்தொகை மட்டும், தனி நிதி நிறுவனம் இல்லை. தொடர்பு ஆசிரியர் நான்தான். ஒப்பந்தம் பற்றி நூலகத்தில் கேட்டேன், இந்தப் பதிப்பகத்தோடு இல்லையாம். தளத்தில் தேடினேன். 'ஏற்கப்பட்ட பிரதி, நிறுவனக் களஞ்சியம், 12 மாதம்' என்று இருக்கிறது. 'வெளியான பிரதி' என்ற இடத்தில் சிவப்புக் குறி. ஏற்கப்பட்ட பிரதி என்றால் பிழை பார்க்கச் சொல்லி நேற்று அவர்கள் வடிவமைத்து அனுப்பிய ப்ரூஃப் பிடிஎஃப்-ஆ?

நூலக_மேசை:
இல்லை! நல்ல வேளை கேட்டீர்கள், அதிகம் பேர் தடுமாறும் இடம் இதுதான், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

ஒரு கட்டுரைக்கு மூன்று பிறவி உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் முதன்முதலில் இதழுக்கு அனுப்பியது 'சமர்ப்பித்த பிரதி', ப்ரீபிரின்ட் என்பது இதுதான். மதிப்பாய்வாளர்கள் கேட்டதையெல்லாம் திருத்தி, கடைசியாக நீங்கள் ஏற்றி, அதைப் பார்த்து இதழாசிரியர் 'ஏற்றுக்கொண்டோம்' என்று சொன்னாரே, அந்தக் கோப்புதான் 'ஏற்கப்பட்ட பிரதி'. அதில் இதழின் சின்னம் இருக்காது, பக்க எண்ணும் இதழுடையது அல்ல, அநேகமாக இரட்டை இடைவெளி விட்ட சாதாரண வேர்ட் கோப்பாகத்தான் இருக்கும். பதிப்பகம் அதை எடுத்து வடிவமைத்து வெளியிடுவது 'வெளியான பிரதி'. ப்ரூஃப் பிடிஎஃப் இந்த மூன்றாவதன் பக்கம் சேர்ந்தது, அதைக் களஞ்சியத்தில் ஏற்றக் கூடாது.

நடுவில் இருக்கும் பிரதிதான் பொன்னானது. மதிப்பாய்வு முழுதும் முடிந்து, அறிவியல் உள்ளடக்கம் அத்தனையும் வெளியான பிரதியோடு ஒத்துப்போகும், ஆனால் பதிப்பகத்தின் கை இன்னும் படவில்லை. அதனால்தான் பெரும்பாலான சந்தா இதழ்கள் இதைக் களஞ்சியத்தில் வைக்க அனுமதிக்கின்றன. அமெரிக்காவில் என்ஐஎச் என்ற அரசு மருத்துவ ஆய்வு அமைப்பின் நிதியில் நடக்கும் ஆய்வுகளுக்கு 2008 முதல் கட்டாயமாகக் கேட்டதும் இந்தப் பிரதியைத்தான். அப்போது 12 மாதம் வரை காத்திருக்கலாம் என்றிருந்தது. 2025 ஜூலை 1 முதல் ஏற்கப்படும் கட்டுரைகளுக்கு அந்தக் காத்திருப்பும் இல்லை.

துயரம் என்னவென்றால் இந்த நடுப் பிரதியைத்தான் யாரும் பத்திரப்படுத்துவதில்லை. ஏற்றுவதற்குள் இணை ஆசிரியர் கணினியில் ஒன்று, உங்களிடம் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று என்று சிதறிவிடும். ஓய்வு பெறப் போகும் ஒரு பேராசிரியர் தன் அறுபது சொச்சம் கட்டுரைகளையும் களஞ்சியத்தில் வைக்க வேண்டும் என்று ஆசையாக எங்கள் மேசைக்கு வந்தார். ஒவ்வொன்றாகத் தேடினோம். ஏற்கப்பட்ட பிரதி கிடைத்தது பதினொன்றுக்கு மட்டும். மற்றவற்றுக்கு அவரிடம் இருந்ததெல்லாம் பதிப்பகத்தின் பிடிஎஃப். தன் கட்டுரையைத் தானே திறந்து வைக்க முடியாமல் அவர் உட்கார்ந்திருந்ததை என்னால் மறக்க முடியவில்லை. உங்களுடையதை இன்றே தேடி எடுங்கள்.

தேன்சிட்டு:
தேடினேன். என்னிடம் நான்கு கோப்புகள் இருக்கின்றன, நான்கின் பெயரிலும் 'இறுதி' என்ற சொல் இருக்கிறது. ஒன்றில் மஞ்சள் நிறத்தில் திருத்தங்கள், இன்னொன்றில் வழிகாட்டியின் ஓரக்குறிப்புகள். எது கடைசியாக ஏற்றியது என்று தெரியவில்லை.

நூலக_மேசை:
கவலை வேண்டாம். இதழின் சமர்ப்பிப்புத் தளத்தில் உள்நுழைந்து, முடிவு வந்த கட்டுரைகள் பட்டியலில் உங்களுடையதைத் திறங்கள். திருத்தம் ஒன்று, திருத்தம் இரண்டு என்று சுற்றுச் சுற்றாக இருக்கும். கடைசிச் சுற்றில் நீங்கள் ஏற்றிய மூலக் கோப்பையே இறக்கிக்கொள்ளலாம். சில தளங்களில் கொஞ்ச காலத்துக்குப் பிறகு அது போய்விடும், அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

அடிக்குறிப்பு:
நானும் நூலகர்தான், ஆனால் சந்தா வாங்கும் பக்கம். தேன்சிட்டு பார்த்த அந்த முதல் வட்டத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

சந்தா இதழ் ஒன்றில் பணம் கட்டி உங்கள் கட்டுரையை மட்டும் திறந்தால் அதற்குப் பெயர் 'ஹைபிரிட்'. அந்த இதழுக்கு நூலகங்கள் ஏற்கெனவே சந்தா கட்டிக்கொண்டிருக்கின்றன. இப்போது ஆய்வாளரும் கட்டுகிறார். அதே இதழுக்கு இரண்டு பக்கமும் வசூல். ஐரோப்பிய நிதி நிறுவனங்கள் சேர்ந்து 2018 செப்டம்பரில் அறிவித்த பிளான் எஸ், ஹைபிரிட் கட்டணத்துக்குத் தங்கள் நிதியைப் பொதுவாகத் தர மாட்டோம் என்று சொன்னது இதனால்தான். 'நேச்சர்' இதழ் 2020-இல் ஒரு கட்டுரையைத் திறக்க 9,500 யூரோ என்று விலை அறிவித்தபோது எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கொருவர் திரையைத் திருப்பிக் காட்டிக்கொண்டோம்.

இப்போது 'படிக்கவும் வெளியிடவும்' என்று ஒரே ஒப்பந்தமாகப் போடுகிறார்கள். நூலகம் மொத்தமாக ஒரு தொகை கட்டும், அந்த நிறுவனத்து ஆய்வாளர்கள் தனியாகக் கட்டணம் கட்டாமல் திறந்து வெளியிடலாம். இது நல்ல ஏற்பாடா என்று கேட்டால், பணம் உள்ள நிறுவனங்களுக்கு நல்லது என்றுதான் நேர்மையாகச் சொல்ல முடியும். வாசிக்கப் பணம் இல்லாதவர்கள் முன்பு வெளியே நின்றார்கள், இந்த வழியில் போனால் எழுதப் பணம் இல்லாதவர்கள் வெளியே நிற்பார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2019 பிப்ரவரியில் எல்செவியர் என்ற பெரிய பதிப்பகத்தோடு பேச்சை முறித்துக்கொண்டு, இரண்டு வருடம் பொறுத்திருந்து 2021 மார்ச்சில்தான் தனக்கு ஏற்ற ஒப்பந்தத்தைப் போட்டது. அவ்வளவு பெரிய அமைப்பாலேயே அத்தனை நாள் இழுபட்டது என்றால் சின்ன நூலகங்கள் மேசையில் உட்கார்ந்து என்ன பேரம் பேச முடியும்?

ஒப்பந்தம் உள்ள இடத்தில் இருப்பவர்கள் இதைக் கவனியுங்கள்: தகுதி பார்ப்பது பெரும்பாலும் தொடர்பு ஆசிரியரின் நிறுவனத்தை வைத்துத்தான். சமர்ப்பிக்கும்போது சொந்த ஜிமெயில் முகவரியைக் கொடுத்து, நிறுவனத்தின் பெயரையும் சுருக்கி எழுதினால் பதிப்பகத்தின் கணினி உங்களை அடையாளம் காணாது, கட்டணச் சீட்டு நேராக உங்களுக்கு வரும். மாதம் இரண்டு பேருக்காவது இதைத் திருத்தச் சொல்லி நான் பதிப்பகத்துக்கு எழுதுகிறேன்.

மறுவாசிப்பு:
அப்படியானால் ஏன் இவ்வளவு சுற்று வழி? வெளியான பிடிஎஃப்-ஐ ஆய்வாளர்களின் சமூக வலைத்தளமான ரிசர்ச்கேட்டில் போட்டுவிட்டால் ஆயிற்று. எல்லோரும் அதைத்தானே செய்கிறார்கள்.

அடிக்குறிப்பு:
செய்கிறார்கள், ஆனால் காப்புரிமையை எழுதிக்கொடுத்த பிறகு அந்தப் பிடிஎஃப் உங்களுடையது அல்ல. 2017-இல் இரண்டு பெரிய பதிப்பகங்கள் ரிசர்ச்கேட் மீது வழக்கே போட்டன. அது ஒரு தனியார் நிறுவனத்தின் தளம், நாளைக்குக் கட்டுரையை நீக்கலாம், உள்நுழைந்தால்தான் படிக்கலாம் என்றும் ஆக்கலாம். நிறுவனக் களஞ்சியத்தில் நிலையான முகவரி இருக்கும், கூகுள் ஸ்காலர் எடுத்துக்கொள்ளும், அன்பேவால் போன்ற கருவிகள் சட்டப்படியான இலவசப் பிரதி என்று வாசகருக்குக் காட்டும். யாராவது ஒருவர் வேலை நேரத்தில் அதைப் பார்த்துக்கொள்வார்.

இதழ்க்கூடம்:
இந்த இழையைக் காலையிலிருந்து படிக்கிறேன். ஆசிரியரிடமும் வாங்காமல் வாசகரிடமும் வாங்காமல் ஒரு இதழ் நடத்தும் நால்வரில் நான் ஒருத்தி. 'வைர வழி' என்கிறார்கள். வேட்டை இதழ், ஹைபிரிட் என்று மட்டும் பேசிவிட்டு எங்களை விட்டுவிடாதீர்கள். 2021-இல் வந்த ஒரு ஆய்வு இப்படிப்பட்ட இதழ்கள் உலகத்தில் 17,000-இலிருந்து 29,000 வரை இருக்கலாம் என்று கணித்தது. டிஓஏஜே பட்டியலிலேயே பெரும்பான்மை இதழ்கள் ஆசிரியரிடம் கட்டணம் வாங்காதவைதான். 'ஜர்னல் ஆஃப் மெஷின் லேர்னிங் ரிசர்ச்' 2000-இலிருந்து கட்டணமே இல்லாமல் நடக்கிறது, அந்தத் துறையில் அதற்கு இருக்கும் மதிப்பு எல்லோருக்கும் தெரியும். மொழியியலில் 'லிங்குவா' இதழின் ஆசிரியர் குழு 2015-இல் மொத்தமாக விலகி, 'குளோசா' என்று திறந்த இதழைத் தொடங்கியது.

ஆனால் இலவசம் என்றால் செலவே இல்லை என்று நினைக்க வேண்டாம். எங்கள் தளம் ஓஜேஎஸ் என்ற கட்டற்ற மென்பொருளில் ஓடுகிறது. சர்வர் ஒரு பல்கலைக்கழகத்தின் தயவு, கட்டுரைக்கு நிலையான அடையாள எண்ணான டிஓஐ பதிவுக்கு ஒரு சங்கம் பணம் கொடுக்கிறது, மீதி எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள். நேற்றிரவு மேற்கோள் பட்டியலில் 63 இணைப்புகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன், ஐந்து வேலை செய்யவில்லை. மதிப்பாய்வாளர் கிடைப்பதுதான் ஆகப் பெரிய பாடு. ஒன்பது பேரைக் கேட்டால் இருவர் சரி என்கிறார்கள். சர்வர் கொடுத்தவர் மாறினால் என்ன ஆகும் என்ற பயம் எப்போதும் உண்டு. 2000-க்கும் 2019-க்கும் இடையில் 170-க்கு மேற்பட்ட திறந்த இதழ்கள் இணையத்திலிருந்தே காணாமல் போனதாக ஒரு ஆய்வு காட்டியதே, அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகுதான் எங்கள் இதழை ஒரு நெடுங்காலப் பாதுகாப்பு வலையமைப்பில் சேர்த்தோம். நூலகர்களே, உங்களால் முடிந்த பெரிய உதவி இதுதான்: உங்கள் துறைகளில் நடக்கும் சின்ன இதழ்களைக் கூப்பிட்டு, பாதுகாப்புப் பிரதி எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.

தேன்சிட்டு:
இதழ்க்கூடம் அம்மா, என் அடுத்த கட்டுரைக்கு உங்களைப் போன்ற இதழைத்தான் முதலில் தேடுவேன்.

கடைசிச் சுற்றுக் கோப்பு கிடைத்துவிட்டது! இனி ஒரு கேள்வி. களஞ்சியப் படிவத்தில் உரிமம் கேட்கிறது. மற்றவர்கள் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் கிரியேட்டிவ் காமன்ஸ் (சிசி) உரிமங்களில் பை, பை-என்சி, பை-என்சி-என்டி என்று வரிசையாக இருக்கிறது. வழிகாட்டி ஆகக் கட்டுப்பாடான கடைசி உரிமத்தைப் போடு, அதுதான் பாதுகாப்பு என்கிறார்.

நூலக_மேசை:
உங்கள் விஷயத்தில் முடிவு உங்கள் கையில் முழுதாக இல்லை. காப்புரிமையை மாற்றிக்கொடுத்தால் பதிப்பகத்தின் கொள்கை எந்த உரிமத்தைச் சொல்கிறதோ அதைத்தான் போட வேண்டும், பல பதிப்பகங்கள் இதற்கு என்சி-என்டி என்றே சொல்கின்றன. நீங்கள் தேடிய அதே பக்கத்தில் அந்த விவரமும் இருக்கும்.

ஆனால் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வரும் நாளுக்காகச் சொல்லி வைக்கிறேன். 'பை' என்றால் உங்கள் பெயரைச் சொல்லி யாரும் எதற்கும் பயன்படுத்தலாம். 'என்சி' சேர்த்தால் வணிகப் பயன்பாட்டுக்குத் தனி அனுமதி வேண்டும். 'என்டி' சேர்த்தால் மாற்றியமைத்துப் பகிர முடியாது, மொழிபெயர்ப்பும் அதில் அடக்கம். உங்கள் கட்டுரையை ஒரு செவிலியர் தன் தாய்மொழியில் பெயர்த்து சக ஊழியர்களுக்குப் பொதுவில் போட நினைத்தால் அந்த 'என்டி' குறுக்கே நிற்கும். படங்களை விக்கிப்பீடியாவிலும் சேர்க்க முடியாது. இன்னொரு நுணுக்கம்: பணம் கட்டி என்சி-என்டி உரிமத்தில் வெளியிடும்போது, பல ஒப்பந்தங்களில் வணிக உரிமையை ஆசிரியர் பதிப்பகத்துக்கு மட்டும் எழுதிக்கொடுக்கிறார். ஆசிரியர் தன்னைப் பாதுகாத்துக்கொண்டதாக நினைப்பார், பாதுகாக்கப்பட்டது பதிப்பகத்தின் வருமானம். அதனால் உரிமத்தின் பெயரோடு நிறுத்தாமல் கீழே இருக்கும் ஒப்பந்தத்தையும் படியுங்கள். நேர்காணலில் ஆள் அடையாளம் தெரியும் பகுதிகள் இருந்தால் அது வேறு பேச்சு, அங்கே கட்டுப்பாடு நியாயம்தான்.

வெண்பலகை:
ஒரு சேர்க்கை. அடுத்த முறை கட்டுரையை அனுப்பும்போதே, 'ஏற்கப்படும் பிரதிக்கு சிசி பை உரிமம் அளிக்கப்படும்' என்று ஒரு வரியைச் சேர்த்துவிடலாம். பிளான் எஸ் நிதி பெறுகிறவர்கள் அப்படிச் செய்கிறார்கள். ஹார்வர்டின் கலை அறிவியல் புலம் 2008 பிப்ரவரியில் வேறு விதமாகச் செய்தது, ஆசிரியர் எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கும் முன்பே கட்டுரையைத் திறந்து வைக்கும் உரிமம் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேரும்படி வாக்கெடுத்தார்கள். உங்கள் நிறுவனத்தில் அப்படி ஏதாவது விதி இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

தேன்சிட்டு:
அப்படி விதி இல்லை, கேட்டுவிட்டேன். எங்கள் நூலகர் அதைப் பற்றி ஒரு குறிப்பு எழுதித் தரச் சொல்லியிருக்கிறார், நான் எழுதித் தருகிறேன்.

இரண்டாவது வட்டத்தில் புள்ளி வைத்து அனுப்பிவிட்டேன். ஒப்பந்தத்தில் ஆசிரியருக்கு மிஞ்சும் உரிமைகள் என்று ஒரு பத்தி இருந்தது, வகுப்பில் பயன்படுத்தலாம், ஆய்வேட்டில் சேர்க்கலாம், ஏற்கப்பட்ட பிரதியைக் களஞ்சியத்தில் வைக்கலாம் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். ஒன்பதாம் பக்கத்தில். கோப்பை ஏற்றியாயிற்று, தடைக்காலம் வெளியான நாளிலிருந்து 12 மாதம் என்று குறித்திருக்கிறேன், அதுவரை தலைப்பும் சுருக்கமும் மட்டும் தெரியும். ஒரு வருடம் என்பது உறுத்துகிறது, செவிலியர்களுக்கு என்ன சொல்வது?

நூலக_மேசை:
களஞ்சியப் பக்கத்தில் 'பிரதி கேள்' என்று ஒரு பொத்தான் இருக்கிறதா பாருங்கள். கேட்பவரின் மின்னஞ்சல் உங்களுக்கு வரும், நீங்கள் சரி என்று சொன்னால் அந்த ஒருவருக்குக் கோப்பு போகும். தடைக்காலத்திலும் தனிப்பட்ட முறையில் கேட்பவருக்கு இப்படி அனுப்பப் பெரும்பாலான கொள்கைகள் இடம் தருகின்றன. உங்களுடையதில் அந்த வரியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

தேன்சிட்டு:
இருக்கிறது, கொள்கையிலும் அனுமதி உண்டு. பக்கத்தின் இணைப்பைச் செவிலியர்களின் குழுவில் போட்டேன். இதுவரை ஏழு பேர் அந்தப் பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள், ஏழு பேருக்கும் அனுப்பிவிட்டேன். அதில் ஒருவர் இரவுப் பணி இடைவேளையிலேயே படித்துவிட்டு, இரண்டாம் அட்டவணையில் பணிநேரத் தலைப்பு இடம் மாறியிருப்பதைச் சுட்டிக்காட்டினார். ப்ரூஃபில் திருத்த நாளை வரை நேரம் இருக்கிறது.

நூலக_மேசை:
ப்ரூஃபில் திருத்தும் அதே கையோடு களஞ்சியக் கோப்பிலும் திருத்திவிடுங்கள். கட்டுரை வெளியானதும் டிஓஐ எண்ணைக் களஞ்சியப் பதிவில் சேர்க்க வேண்டும், அதை எனக்கு இங்கேயே ஒரு வரி போடுங்கள்.